எறும்பு வராத பள்ளிக் கிணறு குறித்து

அனுப்புநர்:
ஆர். லலிதாபாய், பி.எஸ்சி., பி.எட்.,
ஆசிரியை, தமிழ்ப் பிரிவு,
யு.பி. பள்ளி, குளத்தூர் எல்லைப்பகுதி.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
நெய்யாற்றின்கரை.

பொருள்: பள்ளிக் கிணற்று நீரைப் பரிசோதிக்கவும், முடிவு தெரியும்வரை அந்த நீரில் பிள்ளைகளுக்கு மதியக் கஞ்சி வைப்பதை நிறுத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஐந்தாம் வகுப்புக்குப் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்த, பாறசாலையில் புதிதாகத் திறந்துள்ள இன்டர்நெட் கடைக்குச் சென்றேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று சிறுவர்களுக்காக அமைத்த பக்கங்களை அச்செடுத்து, தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் ஒரு பயிற்சி: காகிதத்தில் சர்க்கரைக் கரைசலைச் சொட்டி வைத்து, விருந்துக்கு யார் வருகிறார்கள் என்று பார்ப்பது.

2. பிள்ளைகள் வீட்டில் வைத்த காகிதங்கள் எறும்பால் கறுத்துப்போயின. பள்ளி வளாகத்தில் வைத்தவை வெள்ளையாகவே இருந்தன. கற்களைப் புரட்டினோம். பூரான் இல்லை, மரவட்டை இல்லை. இந்த மழையில் ஊரெங்கும் சீவீடு எனும் சில்வண்டுகள் இரைகின்றன. அந்த இரைச்சல் எங்கள் மதிலோடு நின்றுவிடுகிறது. இத்தனை ஆண்டுகள் அங்கே இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

3. சமையலறையில் எறும்பு வராததை மட்டும் நாங்கள் பெருமையாகவே எண்ணியிருந்தோம். கஞ்சி வைக்கும் சத்தியபாய்க்குச் சென்ற ஆண்டுவிழாவில், சமையலறைச் சுத்தத்துக்காகச் சேலை பரிசளித்தோம். நான் விசாரித்தபோது அவர், "எறும்பு வராதது கர்த்தரு தந்த கிருபையாக்கும் டீச்சரே, அதுக்கும் குற்றம் கண்டுபிடிக்கியளா?" என்று சிரித்தார். பிறகு, "இந்தத் தண்ணிக்கு ஒரு இனிப்பு உண்டு, வேற எங்கயும் கிட்டாது" என்றார்.

4. தீபு என்ற மாணவன் தன் வீட்டு மாமரத்துச் செவ்வெறும்புகளை டப்பாவில் கொண்டுவந்து கிணற்றடியில் திறந்துவிட்டான். அவை சிதறி ஓடவில்லை. சற்று நேரம் அசையாமல் நின்றன. பின்பு ஒன்றன்பின் ஒன்றாக டப்பாவுக்குள் ஏறிக்கொண்டன. "டீச்சர், இதுகளுக்கு வீட்டுக்குப் போவணுமாம்" என்றாள் அவனோடு படிக்கும் லேகா. பிள்ளைகள் எவரும் சிரிக்கவில்லை.

5. அந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் கண்ட முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பிள்ளைகளை முதலில் அங்கிருந்து விலக்குங்கள், அந்த நிலம் முன்பு எதற்குப் பயன்பட்டது என்று பிறகு கேளுங்கள் எனப் பதில் வந்தது. கேட்டேன். பள்ளி வருவதற்கு முன் அங்கே, வாழைக்கு அடிக்கும் பூச்சிமருந்தைச் சேர்த்துவைத்த தனியார் கிட்டங்கி ஒன்று இருந்திருக்கிறது. அதை இடித்தபோது மிஞ்சிய மூட்டைகளை அங்கேயே குழிவெட்டி மூடினார்களாம். எந்த இடத்தில் என்று யாருக்கும் நினைவில்லை.

6. தலைமையாசிரியர் ராஜதாஸ் அவர்களிடம் தெரிவித்தேன். "இது வெளிய தெரிஞ்சா பிள்ளையள எல்லாம் மலையாளம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவினும். தமிழ்ப் பிரிவும் போச்சு, டீச்சருக்க வேலையும் போச்சு" என்றார். அவர் சொன்னது சரிதான். அதை அறிந்தேதான் எழுதுகிறேன்.

7. நானும் மதியம் அந்தக் கஞ்சியைத்தான் உண்கிறேன். ஞாயிறன்று என் வீட்டுச் சமையலறையில், எறும்பு வரிசைக்குக் குறுக்கே கையை வைத்து, புறங்கையில் சர்க்கரைக் கரைசலைச் சொட்டினேன். வரிசை நின்றது. பிறகு என் கையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிற்று. வேறு பள்ளியில் படிக்கும் என் மகள், சர்க்கரை இல்லாத தன் கையை அதே இடத்தில் வைத்தாள். எறும்புகள் அவள் விரல்கள்மேல் ஏறிப் போயின. இது ஆய்வுக்கூட முடிவு அல்ல என்பதை அறிவேன்.

ஆகவே, அடுத்த கஞ்சி அடுப்பேறும் முன் கிணற்றைப் பூட்ட உத்தரவிட்டு, நீரையும் மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளின் கைகளை அந்த வரிசையில் வைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இடம்: குளத்தூர்
நாள்: 19.10.1999

இப்படிக்கு,
ஆர். லலிதாபாய்