என் முகத்துக்கு மட்டும் திறக்கும் கைப்பேசி

மார்ச் 2, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: என் மகன் சிவநேசன், மருமகள் ஷர்மினி, செத்துப்போன என் வீட்டுக்காரரின் தம்பி சின்னையா (கூப்பிடாமல் வந்தார், தோசை தீரும்வரை எழுந்திருக்கவில்லை), கீழ்மாடி சலேஹா, அவள் மகள் நோர்மா. அம்மாவும் மகளும் நோன்பு, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எதிர் அடுக்குமாடி புளோக்கில் இருந்துகொண்டு வராதவள் பெயரை எழுதப் போவதில்லை.

சிவநேசனுக்கு ஃபேக்டரி விருந்தில், அதிர்ஷ்டக் குலுக்கலில், ஒரு கைப்பேசி விழுந்திருக்கிறது. அந்தக் கம்பெனியிலேயே ஆக உயர்ந்த ரகமாம். "இதுக்கு மேல இல்லம்மா. எடுத்துக்கோங்க லா. புடிக்கலன்னா ஷர்மினிக்குக் குடுத்துரலாம்," என்றான். ஷர்மினி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லி முடிப்பதற்குள் கை நீண்டுவிட்டது.

என் முகத்தை அதற்குப் பழக்க வேண்டும் என்று ஷர்மினி என் தலையை வட்டமாகச் சுற்றச் சொன்னாள். சுற்றினேன். சாமிக்குத் தீபாராதனை காட்டுவதுபோல் அந்தக் கண்ணாடிக்கு என் தலையைக் காட்டினேன். "அத்தை, இனிமே உங்க மூஞ்சிதான் சாவி. வேற யாருக்கும் தொறக்காது."

சோதித்துப் பார்த்தேன். அவளுக்குத் திறக்கவில்லை. சிவநேசனுக்குத் திறக்கவில்லை. பெற்ற பிள்ளை, மூக்கு அப்படியே என்னுடையது, அப்படியும் இல்லை. சின்னையாவுக்குத் திறக்கவில்லை, ரொம்ப நல்லது. உலகத்தில் இப்படி ஒரு முகம் ஒன்றுதான் என்று ஒரு மெஷின் சொல்கிறது. சுங்கை பாக்காப் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு யார் இந்த மரியாதை கொடுத்தார்கள்? கட்டினவர் கொடுத்தாரா?

மார்ச் 6, வியாழன்

நிறை குறை பார்க்கிறேன். பிடிக்காவிட்டால் ஷர்மினிக்குப் போய்விடும். அதற்காகவே பிடிக்க வேண்டும்.

பழைய பட்டன் போன் மத்தியானமே செத்துவிடும். இது மறுநாளும் உயிரோடு இருக்கிறது. சத்தம் நன்றாக இருக்கிறது. நாடகத்தில் மாமியார் அழுதால் கீழ்மாடியில் சலேஹா என்னவென்று கேட்கிறாள். ஆனால் ரவிக்கைக்குள் நிற்கவில்லை. நெஞ்சில் பலகை கட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது. குனிந்தால் விழுகிறது. ஜெலுத்தோங் பசாரில் மீன் பார்க்கக் குனிந்தேன், கெம்போங் மீன் கூடைக்குள் போய் விழுந்தது. "அம்மா, இதையும் சேத்து நிறுக்கவா?" என்றான் மீன்காரத் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

தண்ணீரில் விழுந்தாலும் கெடாது என்று சிவநேசன் சொன்னது உண்மைதான். நாற்றம் போகாது என்று அவன் சொல்லவில்லை.

கேமராவை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். தாடையில் முடி. இத்தனை நாள் இதோடுதான் கோயிலுக்குப் போனேனா? ஒருத்திகூடச் சொல்லவில்லை. இவ்வளவு தெளிவு நிறையா குறையா, தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நோர்மா ஒரு வித்தை காட்டினாள். விரலை விரித்தால் தூரத்தில் இருப்பது கிட்ட வருகிறது. "நிலாவக்கூட எடுக்கலாம் பாட்டி!"

நிலாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எதிர் புளோக் இருக்கிறது. அதில் ஒரு ஜன்னல் இருக்கிறது.

சரி, பெயரை எழுதிவிடுகிறேன். குணவதி. என் கூடப் பிறந்த தங்கை. அம்மா போனதிலிருந்து, பத்து வருஷமாக, அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. அம்மா கடைசியில் அவள் வீட்டில்தான் இருந்தாள். அம்மா உயிர் போனதும் குணவதி சுங்கை பாக்காப் உறவுக்காரர்களுக்குச் சொன்னாள். நாட்டின் தெற்குக் கோடியில், ஜொகூரில் இருக்கும் தன் மகன் தயாளனுக்குச் சொன்னாள். பந்தல்காரனுக்குச் சொன்னாள். எதிரிலேயே இருக்கும் மூத்த மகளுக்குச் சொல்லவில்லை. நான் டிவி முன்னால் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தேன். சலேஹா துக்கம் கேட்க வந்து நின்றாள். "அக்கா, அம்மா போயிட்டாங்களாமே."

"எங்க போனாங்க?" என்று கேட்டேன்.

எங்க போனாங்க — அப்படித்தான் கேட்டேன். நெத்திலித் தலை கையில் இருந்தது. அன்று என்ன நாடகம் ஓடியது, சலேஹா என்ன கலர் முக்காடு, எல்லாம் சொல்வேன். எனக்கு எதுவும் மறக்காது. அதுதான் என் வியாதி.

மார்ச் 15, சனி

நான் வேவு பார்க்கவில்லை. கேமராவைச் சோதிக்கிறேன்.

மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்து பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறாள். தோளில் வலிக்கு ஒட்டும் பட்டை. ஜன்னலில் மிளகாய் காயப்போடுகிறாள், முறத்தைத் தூக்க முடியாமல் இழுத்துத் தள்ளுகிறாள். என்னைவிட இளையவள், பார்த்தால் என் பெரியம்மா மாதிரி இருக்கிறாள். மனசுக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. பிறகு இல்லை.

நிறையப் படம் எடுத்துவிட்டேன். வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க.

மார்ச் 22, சனி

இன்று அவள் சுவரிலிருந்து சாமிப் படங்களைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளையடிக்கப் போகிறாளோ என்று நினைத்தேன். பின்னால் பெட்டிகள் தெரிந்தன.

சலேஹாவிடம், ஏதோ மிளகாய் விலை கேட்பதுபோல் கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதாக்கா? சித்திரை பொறந்ததும் தயாளன் வந்து ஜொகூருக்குக் கூட்டிட்டுப் போறான். வீட்டக் காலி பண்றாங்க."

எனக்கென்ன? போகட்டும். போறவ போறா, எனக்கு என்ன வந்துச்சு? ராத்திரி சோறு எறங்கல. அது மீன் சரியில்ல, அதான்.

மார்ச் 31, திங்கள், நோன்புப் பெருநாள்

சலேஹா வீட்டு விருந்துக்குக் குணவதி காலையில் போவாள், நான் மாலையில் போவேன். யாரும் பேசி வைத்ததில்லை, ஒரு வருஷமும் தப்பியதில்லை. இந்த வருஷம் மூட்டை கட்டுகிற வேலையில் அவள் மாலையில் வந்துவிட்டாள்.

நான் அவளைப் பார்க்காமலே கோழி ரெண்டாங் கறி சாப்பிட்டு முடித்தேன். கை கழுவப் போகும்போது கைப்பேசியை மேசையில் வைத்தேன். திரும்பி வந்தால் அது அவள் கையில். நோர்மாவுடையது என்று நினைத்து, குழம்பு படாமல் நகர்த்தி வைக்க எடுத்திருக்கிறாள். எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறாள்.

திறந்துகொண்டது.

கடைசியாக நான் பார்த்துக்கொண்டிருந்த படங்கள் வரிசையாக நின்றன.

"இது எங்க வீட்டு ஜன்னல் மாதிரி இருக்கே," என்றாள். விரலால் தள்ளினாள். "இது நான்." தள்ளினாள். "இதுவும் நான்தான். அடியே நோர்மா, என்னைய எதுக்குடி இத்தன படம் புடிச்சு வெச்சிருக்க?"

"அது என் போன் இல்ல பாட்டி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், கூட வந்திருந்த என் மருமகள். இருக்கவில்லை. "அத்தை, அது உங்க மூஞ்சிக்கு மட்டும்தானே தொறக்கும்?"

பத்து வருஷத்துக்குப் பிறகு தங்கையிடம் நான் பேசிய முதல் பேச்சு என்ன? கண்ணீரா, வசனமா? இல்லை. "நைட்டியோட ஜன்னல்கிட்ட நிக்காத. எல்லாம் தெரியுது," என்றேன்.

"பாக்கறவ நீ ஒருத்திதானேக்கா," என்றாள்.

சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை. அத்தனை படத்தில் ஒன்றிலும் அது தெரியவில்லை. அப்புறம் என்ன ஆக உயர்ந்த ரகம்?

ஏப்ரல் 1, செவ்வாய்

மெஷினாம், மெஷின். எனக்கும் அவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

சிவநேசன் போனில் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "கூடப் பொறந்தவங்க ரொம்ப ஒரே மாதிரி இருந்தா சில சமயம் அப்படி ஆகும்மா. முகத்த எடுத்துட்டு ரகசிய எண் போட்டுத் தரேன்."

வேண்டாம் என்றேன். திறக்கக்கூடியவள் ஒருத்திதான். அவளும் போகப் போகிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எதிர் புளோக்குக்குப் போனேன். காரணம் வேண்டுமே — படங்களை அவள் கண் முன்னாலேயே அழிக்க வந்ததாகச் சொன்னேன்.

"அழிக்காதக்கா. என்னைய வேற யாரு படம் எடுக்கறா?" என்றாள். ஒரு பாத்திரத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். அம்மா படுத்திருந்த கட்டில் அங்கேயே இருந்தது. கேட்டுவிட்டேன். "பந்தல்காரனுக்கே சொன்ன. எனக்கு ஏன்டி சொல்லல?"

சுற்றி முடித்த பாத்திரத்தை மறுபடி சுற்றினாள்.

"எல்லார்கிட்டயும் சொல்ல முடிஞ்சிச்சுக்கா. பாடம் ஒப்பிக்கிற மாதிரி, அம்மா போயிட்டாங்க, அம்மா போயிட்டாங்கன்னு. உன் நம்பர் வந்தா வாய் வரல. உன் குரலக் கேட்டா அழுதுருவேன். அழுதுட்டா யாரு காரியத்தப் பாக்கறது? உனக்குக் கடைசியா, நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சலேஹா முந்திக்கிட்டா."

"இத அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வந்தேன். நீ கதவச் சாத்திட்ட."

சாத்தினேன். அதுவும் எனக்கு மறக்கவில்லை. அடுத்தவர் செய்ததை நினைத்துக்கொண்டே இருந்ததில் இது அடியில் போய்விட்டது.

அழவில்லை. மூக்கு ஒழுகியது. பழைய பேப்பர் தூசி.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரைப் புத்தாண்டு

இரண்டு வீட்டுக்கும் ஒரே பாயசம், என் அடுப்பில். அவள் சர்க்கரையைக் கொட்டினாள். திட்டினேன். பத்து வருஷத்துத் திட்டு மிச்சம் இருக்கிறது, நாள்தான் இல்லை.

ஏப்ரல் 19, சனி

தயாளன் வேனோடு வந்தான். "பெரியம்மா, நீங்களும் ஒரு தடவ வாங்க லா. வீடு குளுகுளுன்னு ஏர்கோன் இருக்கு."

மாடிப்படி ஓரமாக அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். கெஞ்சிப் பழக்கமில்லை எனக்கு. "அவ இங்கயே இருக்கட்டும்டா. என் வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. நான் பாத்துக்கறேன்."

"ஒத்தப் புள்ள அம்மாவ விட்டுட்டான்னு நாலு பேர் பேசுவாங்க பெரியம்மா." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: "பத்து வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப வந்து கேட்டா எப்படி?"

சரியான கேள்விதான். சரியான கேள்வி கேட்பவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

குணவதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேனில் ஏறி உட்கார்ந்தாள். மகன் கூப்பிட்டால் ஏறத்தான் வேண்டும். நானும் ஏறியிருப்பேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீடியோவில் கூப்பிட்டாள். நெற்றியும் மேலே சுற்றும் ஃபேனும்தான் தெரிந்தன. "நேரா புடிடி," என்று கத்திக் கத்தி ஒருவழியாக முகம் வந்தது. பல் கட்டவில்லை. கண்ணாடியில் அதே பிளாஸ்டர்.

"அங்க எப்படி இருக்கு?"

"ஏர்கோன் இருக்குக்கா." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "ஜன்னலத் தொறந்தா செவுரு. தயாளன் விடியறதுக்கு முன்ன சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிர்றான், நான் தூங்கினப்பறம்தான் வர்றான். டிவிகிட்டதான் பேசிட்டு இருக்கேன்."

"நாளைக்கும் போன் அடி," என்றேன். "நாளன்னைக்கும் அடி."

போனை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். குணவதி கணக்கை முடித்துவிட்டேனா என்று யாரும் கேட்க வேண்டாம், அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. ஆனால் மன்னிக்காத ஆள் ஒருத்தராவது இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கிடைத்துவிட்டான். செத்தாலும் மன்னிக்க மாட்டேன் — தயாளனை.