ஒன்பது முடிச்சு

இன்று காலை அந்த டப்பாவைத் திறந்ததும் வலித் தைலத்தின் வாடை முகத்தில் அடித்தது. உள்ளே இருப்பது ஒன்பது துண்டுப் பட்டு நூல், அரக்குச் சிவப்பு. ஆறு வருஷம் உன் கைத்தடியின் பிடிக்குள், உன் உள்ளங்கைக்கு அடியில் கிடந்தவை. முழங்காலுக்குத் தடவிய தைலமெல்லாம் அதில் ஊறியிருக்கிறது. நீ போய் மூன்று மாதம் ஆகியும் வாடை போகவில்லை.

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன், அக்கா. இனி 'நீ' போதும்.

தீபாவளிச் சேலைகள் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நம் பிள்ளையார்பாளையத்தில் வேலை படுத்துவிடும். ஐப்பசி மழையில் தெருவில் பாவு நூலை நீட்டி விரிக்க முடியாது, தறிக்குழியில் ஈரம் ஏறும். அந்தச் சும்மா இருக்கும் நாட்களில் எட்டுப் பெண்களைக் கிளப்பி ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போனவள் நீ. வீட்டுக்காரர்களிடம் நீயே போய்ப் பேசினாய். தாமல் ஏரிக்கரையில் ஒரு மாதம் நடக்கவிட்டு எங்கள் காலைப் பழக்கினாய். மேலே, மேடுகளுக்கு நடுவில் அந்தச் சின்ன ஏரியை முதல்முறை பார்த்தபோது நான் அழுதேன். தண்ணீரில் மேகம் அசையாமல் நின்றது. அதற்கு உனக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அதைத் திரும்ப வாங்கப் போவதில்லை.

வழிக்கு அடையாளம் நம் நூல்தான். ஏறும்போது கிளைகளில் கட்டுவோம், இறங்கும்போது கடைசியில் வருபவள் அவிழ்த்துக்கொண்டே வருவாள். "அறுக்காதே, அவுத்துடு. மலைல நம்ம நூலு ஒண்ணுகூட இருக்கக் கூடாது" என்பாய். கட்டுவது என் வேலை. தறியில் பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பவள் நான். என் முடிச்சு எனக்குத் தெரியும்.

நாலாவது வருஷம் உன் முழங்கால் தகராறு செய்தது. ஏரிக்கரையில் புளிசோறு தின்னும்போது எங்களில் ஒருத்தியான சலீமாதான் என்னைக் காட்டிச் சொன்னாள், "அடுத்த வருசத்துலேந்து ரூத்து முன்னாடி நடக்கட்டும்கா." எல்லோரும் சரி என்றார்கள். நீயும் சிரித்தாய். "இப்பவே ஆரம்பிக்கட்டுமே. நான் மெதுவா முன்னாடி போய்க்கினே இருக்கேன், நீ இவங்களக் கூட்டிக்கினு வாம்மா" என்று தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினாய்.

அரை மணி கழித்து நாங்கள் கிளம்பும்போது தூறலும் பனிமூட்டமும். பெரிய நாவல் மரத்தடியில் வழி இரண்டாகப் பிரியும். அங்கே நூல் இல்லை. வேறு வேலை செய்கிறவள் என்றால் நின்று யோசித்திருப்பாள். நான் பிணைப்புக்காரி. இழை அறுந்தால் கொஞ்சம் தள்ளி மறுமுனை கிடைக்கும் என்றுதான் கை பழகியிருக்கிறது. அடுத்த நூல் முன்னால் இருக்கும், முன்னால் இருக்கும் என்று அகலமான வழியில் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனேன். அது பள்ளத்தில் கொண்டுபோய் விட்டது. சலீமா சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். விறகுக்கு வந்த மலைக்காரர் ஒருவர்தான் எங்களைக் கரை சேர்த்தார்.

நீ கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தாய். "நூலு இல்லியா? நான் வரும்போது இருந்துதேம்மா. எல்லாத்துக்கும் கண்ணு வேணும் ரூத்து." எல்லோர் முன்னாலும் சொன்னாய். அன்றிலிருந்து எனக்கு 'வழிதப்பி' என்று பேர். ஆறு ஐப்பசி நீயே முன்னால் போனாய்; நான் வரிசையின் நடுவில், ஆட்டுக்குட்டியைப் போல நடந்தேன். சலீமா மலைக்கே வருவதில்லை. ஈரக் காற்று அடித்தால் இன்றும் நொண்டுகிறாள்; அவளைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உன் காரியம் முடிந்த மறுநாள் உன் மகள் தடியைக் கொண்டுவந்தாள். "மலை ஏரிக் கரையில ஊனணுமாம் ஆன்ட்டி. ரூத்து கையிலதான் குடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாங்க." பிடியில் சுற்றிய துணி நைந்திருந்தது, மாற்றலாம் என்று பிரித்தேன். அடியில் என் நூல், அன்று மலையில் காணாமல் போனவை. அவிழ்க்கக்கூட உனக்குப் பொறுமை இல்லை, அறுத்திருக்கிறாய். ஒன்பதிலும் என் முடிச்சு அப்படியே இருந்தது.

பள்ளத்தில் வீசியிருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் ஒரு முழம் பட்டு நூலைக்கூடத் தூக்கிப்போட மனசு வராத தெரு நம்முடையது. அதுதான் உன்னைக் காட்டிக்கொடுத்தது. என்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் தடியை அனுப்பினாயோ என்றும் யோசித்தேன். யோசித்து, வேண்டாம் என்று தள்ளினேன். ஆறு வருஷம் உனக்கு வாய் இருந்தது.

போன ஞாயிறு போனோம். நாவல் மரத்தடியில் எல்லோரையும் நிறுத்தி, ஒன்பதையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டி, எங்கே கிடைத்தது என்று சொன்னேன்.  ஒருத்தி, "செத்தவங்களப் பத்தி இப்பிடியா பேசறது?" என்றாள்.

"உயிரோட இருக்கறவளப் பத்தி அவங்க பேசலியா?" என்றேன்.

உன் தடியை ஏரிக்கு எடுத்துப் போகவில்லை. பள்ளத்துக்குப் போகும் வழியின் வாயில், கல்லால் அடித்து, ஆழமாக ஊன்றினேன். மேலே குறுக்காக ஒரு கிளையும் கட்டினேன். இனி யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். நீ மறைத்த வழியை நீயே காட்டிக்கொண்டு நில். அங்கிருந்து ஏரி தெரியுமா என்று நான்கு பக்கமும் நடந்து பார்த்தேன். தெரியாது. மேடு மறைக்கிறது. நன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் மேலே ஏறினேன், எல்லோருக்கும் முன்னால்.

ஊருக்கு வந்ததும் நேராக சலீமா வீட்டுக்குப் போய் நூலைக் காட்டினேன். ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்தாள். "அடுத்த வருசம் மெதுவா ஏறினா என் காலு தாங்குமா?" என்று கேட்டாள். தாங்கும் என்றேன்.

அவளுக்காக இந்த ஒன்பதையே எடுத்துப் போய்க் கட்டப்போகிறேன். திரும்பும்போது கடைசியில் நானே வந்து ஒவ்வொன்றாக அவிழ்ப்பேன். அறுக்க மாட்டேன். அது நீ சொல்லிக்கொடுத்ததுதான். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.