கையுறை தேவையில்லை

என்னங்க,

நேற்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

கோழித் தீவனத்தில் இலவங்கப்பட்டை எண்ணெய் கலக்க அனுமதி கேட்டு உங்கள் கம்பெனி எங்கள் தீவன அனுமதி அலுவலகத்துக்கு அனுப்பிய கோப்பு என் மேசைக்குத்தான் வந்தது. “செடியிலருந்து எடுத்ததுதானே, கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடேன்” என்றீர்கள். நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் படித்தேன். கோழிகளுக்குக் கெடுதல் இல்லை என்று நாற்பது பக்கத்துக்குச் சோதனை இருக்கிறது, குறை சொல்ல முடியாது. சோதனைக்காக அதைக் கலக்கிற ஆட்களைப் பற்றி ஒரே வரி: ‘யாருக்கும் தோல் எரிச்சல் இல்லை, கையுறை தேவையில்லை.’ கீழே, கலவைப் பிரிவு மேற்பார்வையாளர் என்று உங்கள் கையெழுத்து.

அந்த எண்ணெய் பட்டுப் புண்ணான உங்கள் கைக்கு ஆறு மாதமாகக் களிம்பு பூசுகிறவள் நான். என்னிடமே இதை நீட்ட எப்படி மனம் வந்தது?

கணவர் கோப்பில் மனைவி முடிவெடுக்கக் கூடாது. அதனால் வேறு அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன். சாட்சி சொல்லத் தடையில்லை, சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அவர் உங்கள் கையைப் பார்க்க வருகிறார். பைக்குள் ஒளிக்காதீர்கள். இன்னும் பதினோரு பேர் அங்கே வெறுங்கையால் கலக்கிறார்கள்.

களிம்பு அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. இன்று நீங்களே பூசிக்கொள்ளுங்கள். எரிந்தால், நீங்கள் எழுதிய அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

இன்னமும்
உங்கள் மனைவி