பாலம் ஏறிய ஃபியட்

தம்பிக்கு,

சுஜாவைக் கல்யாணத்தன்று சர்ச்சுக்கு அழைத்துப்போக வாடகைக் கார் சொல்லியிருந்தால், உடனே வேண்டாம் என்று சொல்லிவிடு. அப்பாவின் ஃபியட் ஓடுகிறது!

அப்பாவின் கடையை நீ எடுத்துக்கொண்டு, ஓடாத வண்டியை என் தலையில் கட்டிய அன்று, "இது ராயபுரம் பாலம்கூட ஏறாதுண்ணே" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே, இரட்டை வாய் வைத்த பெரிய கார்புரேட்டராகப் பார்த்து மாட்டினேன். அது கொட்டிய பெட்ரோலை நம் சின்ன எஞ்சினால் எரிக்க முடியவில்லை. பாலத்தின் நடுவில் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. காசிமேட்டிலிருந்து மீன்கூடையோடு வந்த ஒருத்தி, "இன்னா நைனா, காரா இது, கொசு மருந்து மிஷினா?" என்றாள். பின்னால் ஒரே ஹாரன்.

நேற்று அதைக் கழற்றிவிட்டு, இந்த எஞ்சினுக்கென்றே செய்த சின்ன ஒற்றை வாய் கார்புரேட்டரை மாட்டினேன். இன்று காலை மூன்றாவது கியரிலேயே பாலம் ஏறியது! எண்ணூர் வரை ஓட்டினேன், எங்கும் திணறவில்லை. கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினேன்.

பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் கூரியரில் அனுப்பினாய். அதை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் தாத்தா காரில்தான் கல்யாணத்துக்குப் போவேன் என்று சின்ன வயதில் உன் மகள் சொன்னது என்னிடம்தான்.

வியாழக்கிழமை காலை உன் வாசலில் ஹாரன் அடிப்பேன். இறங்க மாட்டேன். பின் சீட் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும். முன் சீட்டையும் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். ஏறுவதானால், எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வா.

உன் அண்ணன்