உங்கள் பெயரை நான் சொன்ன நாள்

இன்று காலை தோசை சுடும்போது சமையலறை முழுக்க மேப்பிள் பாகின் வாசம். மருமகன் விட்டுப்போன புட்டியின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. சாம்பார் இருக்க, இந்தப் பாகைத் தோசைமேல் ஊற்றிச் சாப்பிடுகிற பிள்ளை அவர். நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் ஒரு கை பார்த்திருப்பீர்கள்.

நம் சின்னவளைக் கட்டியவர். நீங்கள் பார்க்காத மருமகன். கனடாவில் பிரெஞ்சு பேசும் ஊர்க்காரர். போன மாதம் கைக்குழந்தையோடு இருவரும் மலேசியாவுக்கு, நம் மெர்லிமாவ் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வந்த அன்றே உங்கள் பெயரோடு 'மதாம்' சேர்த்து என்னைக் கூப்பிட்டார். மகள் பெயருக்குப் பின்னால் இருப்பது குடும்பப் பெயர், அம்மாவுக்கும் அதுதான் என்று நினைத்துவிட்டார். நான் வாய் திறந்து சொல்லாத பெயரால் என்னையே கூப்பிட்டால்? வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நினைவிருக்கிறதா? எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக்காய் லோரி ஓட்டி ஓட்டி உங்கள் இடுப்பு விட்டுப்போயிருந்த நேரம். கிளினிக் கவுன்டரில் கணவர் பெயரைக் கேட்டார்கள். நான் பேசாமல் பெயர் போட்ட உங்கள் ஐசி அட்டையை எடுத்து நீட்டினேன். அந்த வலியிலும் சிரித்தீர்கள்.

"ஒரு தடவ சொல்லித்தான் பாரேன் லா, வாய் வெந்துடாது."

நான் சொல்லவில்லை. கடைசிவரை 'இந்தாங்க'தான்.

எனக்கு என் அப்பா பெயர், உங்களுக்கு உங்கள் அப்பா பெயர், பிள்ளைகளுக்கு உங்கள் பெயர் என்று மகள் விளக்கியதும் மருமகன் வியந்துபோனார். அவர்கள் வீட்டில் வழிவழியாக ஒரே பெயராம். பிரான்சிலிருந்து கப்பலேறிப் போன ஒரு சிப்பாயைக் கூட்டாளிகள் 'ஸான்சூசி', அதாவது கவலையில்லாதவன், என்று கேலியாகக் கூப்பிட, அதுவே குடும்பத்துக்கு ஒட்டிக்கொண்டதாம். தேவாலயப் பதிவேடுகளில் தேடித் தேடி அந்த ஆள்வரை போய்விட்டார் மனிதர். நமக்கோ உங்கள் தாத்தாவுக்கு மேலே ஒருவர் பெயரும் தெரியாது.

எனக்கு உங்கள் தம்பி பேசிய பேச்சு ஞாபகம் வந்தது. "ரெண்டும் பொண்ணா போச்சு, அண்ணன் பேரு அதோட சரி" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பேரு கெடக்கட்டும்டா, புள்ளைங்க படிக்கட்டும்" என்று நீங்கள் சும்மா இருந்துவிடுவீர்கள். எனக்கு ஆறவே இல்லை. எஸ்டேட் லயத்திலிருந்து இரண்டு பெண்களையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய மனிதரின் பெயர் ஏன் அதோடு நின்றுபோக வேண்டும்?

மகளிடம் இதைச் சொல்லி அழுதேவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அங்க கல்யாணம் ஆனாலும் பொம்பள அவ சொந்தப் பேர்லதான் இருக்கணும், சட்டமே அதான். புள்ளைக்கு அப்பாவோட குடும்பப் பேரும் வைக்கலாம், அம்மாவோடதும் வைக்கலாம். நான் ரெண்டும் வச்சிட்டேன். நேர்ல சொல்லலாம்னுதான் போன்ல சொல்லல."

அந்த ஞாயிறு குழந்தைக்கு ஞானஸ்நானம். வீட்டில் பிரியாணி, சொந்தம் எல்லாம் கூடியிருந்தது. உங்கள் தம்பி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணி, புள்ளையோட முழுப் பேரு என்னா?" என்றார். மகள் வாயெடுத்தாள். நான் அவளைக் கையமர்த்தினேன்.

கிளாரா என்றேன். ஸான்சூசி என்றேன். அப்புறம், உங்கள் பெயர். எல்லாருக்கும் கேட்கும்படி, நிமிர்ந்து நின்று சொன்னேன். வாய் வேகவில்லைங்க.

தம்பி குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணி."

சொன்னேன்.

இப்போது தினமும் சொல்கிறேன். வீடியோ அழைப்பில் பேத்தி வந்தால் முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவேன். முதல் பெயருக்குத் திரும்ப மாட்டாள், இரண்டாவதற்கும் மாட்டாள். உங்கள் பெயருக்கு வரும்போதுதான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.