என் கைக்கு நீங்கள் சொன்ன பதில்

ஓவியா அப்பாவுக்கு,

நேரில் சொன்னால் டிவி சத்தத்தைக் கூட்டுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளை என்னைப் பார்த்துத்தான் கேட்டது: “மார்பு ஆபரேஷனுக்கு அப்புறம் கை வலிக்குதாக்கா? வேலை பாக்க முடியுதா?” நான் வாயைத் திறக்குமுன், “அதெல்லாம் நல்லாருக்கா, தோட்டத்துக்கே போறா” என்றீர்கள். அந்தப் பிள்ளையும் அப்படியே எழுதிக்கொண்டது.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாள் முழுக்கக் கையைத் தூக்கிக் குலை வெட்டியவள் நான். இப்போது தோளுக்கு மேல் கை ஏறவில்லை. தரையில் உட்கார்ந்து பழத்தைப் பெட்டியில் அடுக்கத்தான் தோட்டத்துக்குப் போகிறேன். தினமும் ஓவியாதான் எனக்குத் தலை பின்னிவிடுகிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதைக்கூட நீங்கள் பார்க்கவில்லையே!

அடுத்த தடவை நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். என் உடம்பைப் பற்றி நான் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் வாயில் மட்டும் சுகமாக இருக்கிறவள்