இன்ஷூரன்ஸ் பாரத்தில் ஒன்பதாம் கேள்வி

1968 மார்ச் 4, திங்கள்

புழுக்கம். குழாயில் தண்ணீர் ஏழு மணிக்கே நின்றுவிட்டது.

தீவுக்கு வரும் கப்பல் தபாலில் மெட்ராஸ் ஆபீஸ் கவர். இனி வெளியூர் விசாரணைக்காரர்கள் எல்லோருக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயமாம். நாம் எழுதும் ரிப்போர்ட் தப்பாகி, யாராவது கேஸ் போட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். நல்லதுதான்.

பெயர், வயது 41, விலாசம் மரைன் ஹில், தொழில்: கல்யாண விசாரணை, ஆள் விசாரணை. எட்டு கேள்வி வரை மளமளவென்று. ஒன்பது: 'உங்கள் ரிப்போர்ட் எதிலாவது பிழை நேர்ந்ததாக அறிவீர்களா?'

பேனாவை மூடினேன்.

மேரி: "என்னங்க, பாதியில வச்சிட்டிய?"

"கண்ணு வலிக்கி."

மார்ச் 5, செவ்வாய்

இங்காவது எழுதி வைக்கிறேன். போன செப்டம்பரில் திருச்சிப் பெண் வீட்டாருக்கு ஒரு ரிப்போர்ட். மாப்பிள்ளை நடராஜன், காட்டிலாகா கிளார்க், லம்பா லைனில் வீடு. 'ஏற்கெனவே மனைவி, ஒரு குழந்தை, கராச்சர்மாவில்' என்று எழுதினேன். சம்பந்தம் நின்றது. போன மாதம் கராச்சர்மா பஸ்ஸில், நான் மனைவி என்று எழுதிய அதே பெண், அதே குழந்தை. பக்கத்தில் கணவன். அவனும் நடராஜன்தான், மராமத்து ஓவர்சியர் என்று கண்டக்டர் சொன்னார். வேறு ஆள். பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கிவிட்டேன்.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மேனனிடம் பொதுவாகக் கேட்டேன். சிரித்தார். "நஹீன்னு லிக் தோ, பாய். கௌன் பூச்சேகா?"

இல்லை என்று எழுதிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்தான்.

மார்ச் 7, வியாழன்

காட்டிலாகா ஆபீஸ் விடும் நேரம் பார்த்து லம்பா லைன் போனேன். நடராஜன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒல்லி, முப்பது இருக்கும். நின்றபடியே சொல்லி முடித்தேன். கையில் ஈரச்சட்டை, பிழியவே இல்லை.

"அதனாலதான் நின்னுச்சா? இத்தனை நாளா எனக்குக் காரணமே தெரியாது சார். ஊர்ல அம்மா கோயிலுக்குப் போறதையே விட்டுட்டாங்க."

"என் தப்புதான்."

"லம்பா லைன் வரைக்கும் பஸ் இருக்கே. ஏன் சார் என்னை வந்து ஒரு வார்த்தை கேக்கலே?"

ரகசிய விசாரணை என்று சொல்ல வாய் வரவில்லை.

"எழுதிக் குடுங்க" என்றார். அவர் மேஜையிலேயே பெண்ணின் அப்பாவுக்குக் கடிதம். தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டேன். அவரே ஒட்டினார்.

மார்ச் 9, சனி

ஒன்பதுக்கு 'ஆம்'. தனித்தாளில் முழு விவரம். மேரியிடம் படித்துக் காட்டினேன்.

"வேல போயிருமோ?"

"போனாலும் போவும்."

சற்று நேரம் மீன் கழுவினாள். பிறகு, "கப்பல் நாளைக்குத்தான. இன்னைக்கே போட்டுருங்க."

போட்டாயிற்று. வரும் வழியில் செருப்பு வார் அறுந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

மெட்ராஸிலிருந்து பதில். பாலிசி உண்டு, நடராஜன் விஷயம் மட்டும் அதில் சேராது. கேஸ் வந்தால் என் பாடு. வேலை போகவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்குக் கல்யாண விசாரணை கிடையாது.

சாயங்காலம் நடராஜனே வீட்டுக்கு வந்தார். கேஸ் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டேன். கையில் ஊர்க் கடிதம்.

"அந்தப் பொண்ணுக்குத் தை மாசமே வேற இடத்துல கல்யாணம் ஆயிடுச்சாம்."

மேரி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவங்கப்பா கும்பகோணத்துக்கே போயி அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கார். அம்மா இப்ப கோயிலுக்குப் போறாங்களாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கேஸைப் பற்றிப் பேச்சில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மேரி கொடுத்த டீயை முழுதும் குடித்துவிட்டுப் போனார்.